நாவின் முடிச்சை அவிழ்க்கும் பணி



எமது பெண் பிள்ளைகளின் கல்வி, தொழில் தொடர்பாக இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஆசிரியத் தொழில், வைத்தியத் தொழில் ஆகிய இரண்டையும் சுற்றியே அமைந்திருக்கும். இம்முறை அம்பாறை மாவட்டத்துச் சகோதரி ஒருவர் வேறொரு தொழிலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பெயரைத் தவிர்த்துக் கடிதத்தின் முக்கிய பகுதியைத் தருகிறோம்.

“மகள் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். இரண்டாம் தரம் எழுதியும் மருத்துவ பீடத்துக்குப் புள்ளி காணாது. இப்போது களனிப் பல்கலைக்கழகத்தில் பேச்சு, கேட்டல் பற்றிய பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்கு விருப்பம். வாப்பாவுக்கு மனமில்லை. ‘பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்க நாலு வருஷம் படிக்க வேணுமா? நம்மட உம்மாமார் படிச்சிட்டா நமக்குப் பேச்சுப் பழக்கினாங்க?’ என்று கேட்கிறார். அவளின் மாமியோ, ‘ஊமைப் பிள்ளைகளோட காலம் கழிக்கப் போறியா? மூணாம் தரமும் எழுதிப் பாரு’ என்கிறா. எனக்கு எந்தப் பக்கமும் பதில் சொல்லத் தெரியவில்லை. இது என்ன தொழில்? எங்கள் பிள்ளைக்கு இது பொருந்துமா?”

இந்தக் கேள்வி ஒரு வீட்டின் கேள்வி மட்டுமல்ல என்பதால் சற்று விரிவாகவே பதில் தருகிறோம்.

வாப்பாவின் கேள்வி

வாப்பாவின் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. அதில் நியாயம் இருக்கிறது. காதும் மூளையும் சுகமாக உள்ள குழந்தை, ஆசிரியர் எவருமின்றி, உம்மாவின் மடியிலேயே மொழியைக் கற்றுக்கொள்கிறது. அருளாளனாகிய அல்லாஹ் மனிதனைப் படைத்ததையும் அவனுக்குப் பேச்சாற்றலைக் கற்றுக்கொடுத்ததையும் அர்ரஹ்மான் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அடுத்தடுத்துக் கூறுகின்றான். படைப்புக்கு அடுத்த இடத்தில் பேச்சு வைக்கப்பட்டிருப்பதை நாம் ஓதிச் செல்கிறோம். நின்று சிந்திப்பது குறைவு.

‘உம்மா’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நுரையீரலிலிருந்து காற்று மேலெழ வேண்டும். குரல்வளையிலுள்ள இரு மடிப்புகளும் அதிர வேண்டும். உதடுகள் மூடிக்கொள்ள, மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதி கீழே இறங்கி மூக்கின் வழியே ஒலியை விட வேண்டும். அந்த ஒலியைக் குழந்தை முன்னர் தன் காதால் பல நூறு தடவை கேட்டிருக்க வேண்டும். அது யாரைக் குறிக்கிறது என மூளை அறிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உம்மாவை அழைக்க வேண்டும் என்ற விருப்பம் அதன் உள்ளத்தில் எழ வேண்டும்.

இவையனைத்தும் சரியாக நடக்கும் வரை எமக்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. இவற்றுள் ஒன்று தளர்ந்துவிட்டால், எது தளர்ந்தது, எப்படிச் சீராக்குவது, சீராக்க முடியாவிட்டால் வேறு எந்த வழியால் அம்மனிதரைப் பேச வைப்பது என்று கண்டறிய உடற்கூற்றியல், நரம்பியல், மொழியியல், உளவியல், செவிப்புலனியல் எல்லாம் தெரிந்த ஒருவர் வேண்டும். அவரையே பேச்சு, மொழிச் சிகிச்சையாளர் என்கிறோம். வைத்தியசாலைகளில் ‘ஸ்பீச் தெரபிஸ்ட்’ என்று கேட்டால்தான் பலருக்குப் புரியும். நான்கு வருடம் அதிகமில்லை என்பதே வாப்பாவுக்கு எமது பதில்.

யாருக்கு இந்தச் சிகிச்சை?

மாமி நினைப்பதுபோல் இது பேச முடியாத பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பணியல்ல. பிறந்த சில நாட்களேயான சிசு முதல் படுக்கையிலிருக்கும் முதியவர் வரை இவரிடம் வருகின்றனர்.

பேச்சுப் பிந்திய பிள்ளைகள், செவிப்புலன் குறைந்த பிள்ளைகள், ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் ஒரு பெரும் பகுதியினர். அண்ணம் பிளந்து பிறந்த குழந்தைக்குச் சத்திரசிகிச்சை செய்து துவாரத்தை மூடினாலும், மூக்கால் காற்று விட்டுப் பழகிய பேச்சைத் திருத்துவதற்குப் பின்னர் பல மாதங்கள் பயிற்சி தேவைப்படலாம். திக்கிப் பேசுதல் பொதுவாக இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் ஆரம்பிக்கிறது. நூற்றுக்கு ஐந்து குழந்தைகள் வரை ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகின்றனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு அது தானாகவே நீங்கிவிடுகிறது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவரளவில் அது நிலைத்திருக்கிறது. பயந்ததால் வந்தது, உம்மா ஏசியதால் வந்தது என்பன ஊர்க்கதைகள்.

குரல் கம்மிப் போகும் ஆசிரியைகளும் இச்சிகிச்சையாளரை நாடுகின்றனர். நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில் நாள் முழுதும் உரத்துப் பேசுவதால் குரல் மடிப்புகளில் சிறு தடிப்புகள் உண்டாகலாம். முஅத்தின்களுக்கும் மௌலவிமாருக்கும் இதே இடையூறு ஏற்படுவதுண்டு.

பாரிசவாதம் ஏற்பட்டவர்களின் நிலையை எமது வீடுகள் நன்கு அறியும். வலது கையும் காலும் விழுந்தவருக்குப் பல வேளைகளில் பேச்சும் விழுந்துவிடுகிறது. 1861ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் புரோக்கா என்ற பிரெஞ்சு வைத்தியர், ‘டான்’ என்ற ஓர் அசையைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாதிருந்த ஒரு நோயாளியின் மூளையை அவரது மரணத்தின் பின் ஆராய்ந்தார். இடது பக்க மூளையின் முன்பகுதியில் சேதம் இருந்தது. பெரும்பாலானோருக்கு மொழியை ஆளும் பகுதிகள் மூளையின் இடது பக்கத்தில் உள்ளன; அதே பக்கமே உடலின் வலது பாகத்தையும் இயக்குகிறது. இரண்டும் சேர்ந்து விழுவதன் காரணம் இதுதான்.

இங்கு எமது சகோதரிகள் அறிந்திருக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. ‘தண்ணி’ என்று கேட்க முடியாத வாப்பா, சூரத்துல் பாத்திஹாவைத் தடையின்றி ஓதக்கூடும். சிறு வயது முதல் ஆயிரக்கணக்கான தடவை ஓதி நாவில் ஊறியவை, சொந்தமாகச் சொல் தேடிப் பேசுவதிலிருந்து வேறுபட்ட வழியில் வெளிவருகின்றன. இதைக் காணும் வீட்டார் சிலர், “ஓதத் தெரியுது, பேச மட்டும் ஏலாதா? பிடிவாதம்!” என்று அவரைக் கடிந்துகொள்கின்றனர். அவருக்கு எல்லாம் விளங்குகிறது. சொல் மட்டும் அகப்படவில்லை. அந்த வேதனையைச் சொல்லவும் அவரிடம் சொல் இல்லை.

விழுங்கும் சிரமமும் இதே சிகிச்சையாளரின் பொறுப்பே. பேசுவதற்கும் விழுங்குவதற்கும் உதவும் தசைகள் ஏறத்தாழ ஒன்றே. பாரிசவாதத்தின் பின் உணவோ நீரோ உணவுக்குழாயை விட்டு மூச்சுக்குழாயினுள் இறங்கினால் நுரையீரலில் கிருமி தொற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மல்லாந்து படுத்திருக்கும் உம்மாவின் வாயில் அன்போடு கரண்டியால் ஸம்ஸம் நீர் ஊற்றும் மகள் இந்த ஆபத்தை அறியமாட்டாள். நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுக்க வேண்டுமா, நீரைச் சற்றுத் தடிப்பாக்கிக் கொடுக்க வேண்டுமா, இப்போதைக்கு வாயால் எதையும் கொடுக்கவே கூடாதா என்பதைப் பரிசோதித்துச் சொல்பவர் பேச்சுச் சிகிச்சையாளர்தான்.

இதற்கு மொழிதான் மருந்து

இதுவரை சொன்னவை எந்த நாட்டுக்கும் பொருந்தும். இனிச் சொல்லப்போவது எமக்கே உரியது. மகளின் விடயத்தில் தீர்மானம் எடுக்குமுன் குடும்பத்தினர் இதைக் கட்டாயம் சிந்திக்க வேண்டும்.

எலும்பு முறிந்தால் எந்த மொழி பேசும் வைத்தியரும் அதைப் பொருத்திவிடலாம். இரத்தத்தில் சீனி கூடினால் அதைப் பார்க்க மொழி வேண்டியதில்லை. பேச்சுச் சிகிச்சையில் நோயும் மொழியில் இருக்கிறது. மருந்தும் மொழியில் இருக்கிறது. நோயாளியின் மொழியைத் தன் தாய்மொழிபோல் அறியாத சிகிச்சையாளர் எவ்வளவு திறமையும் இரக்கமும் உள்ளவராயினும் பாதி வழியில் நின்றுவிடுகிறார்.

ஓர் உதாரணம். தமிழில் வினைச்சொல்லின் இறுதியே யார் செய்தது என்பதைக் காட்டிவிடும். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள் என ஒவ்வொன்றும் வேறு. பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் இவ்வாறு ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. நான்கு வயதாகியும் ஒரு தமிழ்க் குழந்தை இந்த இறுதிகளைக் குழப்புகிறது என்றால் அது கவனிக்க வேண்டிய அடையாளம். சிங்களம் மட்டும் அறிந்த சிகிச்சையாளர், பக்கத்திலிருக்கும் சிற்றூழியர் ஒருவரை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கும்போது, “உம்மா வந்ததென்று சொல்கிறது” என்ற கருத்து மட்டுமே அவரை வந்தடையும். குழந்தை அதை எப்படிச் சொன்னது என்பது இடையிலேயே தொலைந்துவிடும்.

தமிழ் தெரிந்திருந்தாலும் போதாது. எமது தமிழும் தெரிந்திருக்க வேண்டும். படத்தைக் காட்டி ‘அம்மா’ என்ற பதிலை எதிர்பார்ப்பவரிடம் எமது குழந்தை ‘உம்மா’ என்றே சொல்லும். வாப்பா, ராத்தா, காக்கா, நானா என்பன எமது வீட்டுச் சொற்கள். எமது பேச்சில் ‘ழ’ பெரும்பாலும் ‘ள’ போன்றே ஒலிக்கிறது. இதை அறியாதவர் குழந்தையிடம் இல்லாத குறையொன்றை எழுதிவைக்கவும் கூடும். உள்ள குறையைத் தவறவிடவும் கூடும்.

இன்னொரு தீங்கும் நடக்கிறது. பேச்சுப் பிந்திய பிள்ளையின் பெற்றோருக்கு, “வீட்டில் தமிழை விடுங்கள், சிங்களம் அல்லது ஆங்கிலம் ஒன்றை மட்டும் பேசுங்கள்; இரண்டு மொழியால் பிள்ளை குழம்புகிறது” என்று அக்கம்பக்கத்தாரும் முன்பள்ளி ஆசிரியைகளும், சில வேளை படித்தவர்களும் ஆலோசனை சொல்கின்றனர். இரு மொழிகளைக் கேட்டு வளர்வது பேச்சுப் பிந்துவதற்குக் காரணமாவதில்லை என்பதே ஆய்வுகளின் ஒருமித்த முடிவு. உம்மாவுக்குச் சரளமாக வராத மொழியில் அவர் பிள்ளையோடு பேசத் தொடங்கினால் பேச்சே குறைந்துவிடுகிறது. தாலாட்டு இல்லை, கதை இல்லை, செல்லம் கொஞ்சல் இல்லை. கட்டளைகள் மட்டும் மிஞ்சுகின்றன. உம்மும்மாவோடு பேசவும் அப்பிள்ளைக்கு மொழியில்லாமற் போகிறது. பேச்சுக்காக ஏங்கும் குழந்தையிடமிருந்து வீட்டின் பேச்சையே பறித்துவிடும் ஆலோசனை இது.

இந்நாட்டில் தமிழில் சிகிச்சையளிக்கக்கூடிய பேச்சுச் சிகிச்சையாளர்கள் தேவைக்கு மிகக் குறைவாகவே உள்ளனர். அவர்களில் எமது வீட்டு வழக்குகளை அறிந்த முஸ்லிம் பெண்கள் இன்னும் குறைவு. உம்மாவுக்கு விழுங்கும் சோதனை செய்பவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். வாயினுள் பார்க்க வேண்டும். அதைச் செய்பவர் ஒரு பெண்ணாக இருந்தால் எமது முதிய தாய்மாருக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை வாசகியரே அறிவீர்கள்.

ஓதப்பள்ளியில் கற்ற அறிவு

இத்துறை எமக்கு அந்நியமானது என்ற எண்ணமும் தேவையற்றது. குர்ஆனைத் திருத்தமாக ஓதக் கற்ற ஒவ்வொரு பிள்ளையும் இதன் ஒரு பாடத்தை ஏற்கெனவே படித்திருக்கிறாள். மக்ரஜ் என்று நாம் சொல்வது, ஒவ்வோர் எழுத்தும் வாயில் பிறக்கும் இடம். வாயின் உள்வெளி, தொண்டை, நாவு, உதடுகள், மூக்கின் உட்பகுதி என ஐந்து பகுதிகளும், அவற்றுள் 17 பிறப்பிடங்களும் இருப்பதாகத் தஜ்வீத் நூல்கள் பெரும்பாலும் வகுக்கின்றன. கி.பி. 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இலக்கண அறிஞர் ஸீபவைஹி, அரபு எழுத்துகள் பிறக்கும் இடங்களை ஒவ்வொன்றாக விவரித்து எழுதினார். இன்று பல்கலைக்கழகத்தில் ஒலியியல் என்ற பெயரில் படிப்பிப்பதும் இதே ஆராய்ச்சியின் தொடர்ச்சிதான்.

ஸீனையும் ஸாதையும் வேறுபடுத்தி ஓதப் பழகியவளின் காதும் நாவும் நுணுக்கமானவை. அந்த நுணுக்கம் அவளுக்கு இத்துறையில் ஒரு முதலீடு.

இதைப் படித்த பெண் எமது ஓதப்பள்ளிகளுக்கும் பயன்படுவாள். ‘ர’ வராத பிள்ளை ‘றப்பி’ என்பதை ‘லப்பி’ என்று ஓதும்போது பிரம்பு எடுக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் மறையவில்லை. ‘ர’ குழந்தைகளுக்குப் பிந்தி வரும் ஒலிகளில் ஒன்று. நாநுனி மேலெழுந்து துடிக்கப் பழகும் வரை அடித்தால் அழுகைதான் வருமேயன்றி எழுத்து வராது. சிரமப்பட்டுத் தடுமாறி ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டென நபி (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியிருக்க, அப்பிள்ளைக்குப் பிரம்படியை நாம் கூலியாகக் கொடுக்கலாமா?

படிப்பு எங்கே, எப்படி?

இலங்கையில் இத்துறைக்கான பயிற்சி களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில் 1997இல் ஒரு டிப்ளோமாவாக ஆரம்பமானது. அதற்கு முன்னர் வெளிநாட்டில் கற்று வந்த மிகச் சிலரே இங்கு பணியாற்றினர். 2008இல் பேச்சு, கேட்டல் விஞ்ஞானப் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. இது நான்கு வருட விசேட பட்டம், போதனாமொழி ஆங்கிலம்.

பீடம் அமைந்திருப்பது ராகமையில், கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலைக்கு அருகில். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு செல்லும் புகையிரதம் ராகம வழியாகவே செல்கிறது என்பதைத் தூரத்தை நினைத்துக் கவலைப்படும் தாய்மாருக்குச் சொல்லி வைக்கிறோம். பாடங்களோடு, வைத்தியசாலைகளிலும் சிகிச்சை நிலையங்களிலும் மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியும் உண்டு.

உயர்தரத்தில் எந்தப் பாடங்கள் வேண்டும், எந்தப் புள்ளிக்கு இடம் கிடைக்கும் என்பன ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அவ்வருடத்துக்குரிய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். ரியூசன் ஆசிரியர் சொன்னார், பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள் என்று பாடத்தெரிவை ஒழுங்குபடுத்தாதீர்கள்.

வசதியுள்ள சிலர் இந்தியா செல்கின்றனர். 1965இல் நிறுவப்பட்ட மைசூர் அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனம் அங்கு இத்துறையின் முதன்மை நிலையங்களில் ஒன்று. சென்னையிலும் கல்லூரிகள் உள்ளன. அங்கு தமிழ் பேசும் நோயாளிகளோடு பயிற்சி பெறும் வாய்ப்பு உண்டு. பயிற்சிக் காலத்தோடு சேர்த்து அங்கும் நான்கு வருடங்கள். பணம் கட்டுமுன் அந்தப் பட்டம் இங்கு அங்கீகரிக்கப்படுமா என்பதை உரிய இடங்களில் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சில மாதச் சான்றிதழ்ப் பாடநெறிகள் முன்பள்ளி ஆசிரியைக்கோ ஒரு தாய்க்கோ உதவலாம். அவற்றால் ஒருவர் சிகிச்சையாளராகிவிட முடியாது.

ஆங்கிலத்தோடு சிங்களமும் வேண்டும். சக மாணவிகள், தாதிமார், வைத்தியர்களோடு அதில்தான் அதிகம் பழக வேண்டியிருக்கும். முதல் வருடம் கடினமாகவே இருக்கும். மகளிடம் அதை மறைக்க வேண்டாம்.

பணியின் இனிப்பும் கசப்பும்

பட்டம் பெற்றவர்கள் அரச வைத்தியசாலைகள், தனியார் வைத்தியசாலைகள், விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான நிலையங்கள் ஆகியவற்றில் பணிபுரிகின்றனர். பொதுவாக இது பகல் நேரப் பணி. ஹிஜாபைப் பேணிச் செய்யலாம். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் காலத்தில் நேரத்தைக் குறைத்துத் தனியாகச் சிகிச்சை நிலையம் நடத்தவும் இடமுண்டு. முகத்திரை அணியும் சகோதரிகள் ஒன்றைக் கவனத்திற் கொள்ள வேண்டும்: குழந்தை சிகிச்சையாளரின் உதட்டையும் நாவையும் பார்த்தே கற்கிறது. பெண்களும் குழந்தைகளும் மட்டுமுள்ள அறையில் அதற்கு வழி செய்துகொள்ளலாம்.

கசப்பும் உண்டு. வைத்தியர் ஊசி போட்டால் காய்ச்சல் மூன்று நாளில் இறங்கும். இங்கு ஒரே ஒரு சொல்லுக்காக மூன்று மாதம் காத்திருக்க நேரிடும். “பாஜி, எப்ப பேசுவான்?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்கும் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். சில பிள்ளைகள் வாயால் ஒருபோதும் பேசமாட்டார்கள். அவர்களுக்குப் படங்களாலும் சைகையாலும் தம் விருப்பத்தைச் சொல்லக் கற்றுக்கொடுப்பதே வெற்றி என்பதைக் குடும்பத்துக்குப் பக்குவமாக விளக்க வேண்டும். பொறுமை இல்லாதவளுக்கு இது சுமை. மற்றவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கும் குணம் உள்ளவளுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் குறைவு.

எனவே கடிதம் எழுதிய சகோதரிக்கு எமது ஆலோசனை இது. மருத்துவ பீடம் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் இதற்கு அனுப்பாதீர்கள். ஆறுதல் பரிசாக எண்ணிச் சேர்பவள் நான்கு வருடமும் இழந்ததையே நினைத்திருப்பாள். மகளை ஒரு நாள் விசேட கல்வி அலகுள்ள பாடசாலையொன்றுக்கோ, அனுமதி கிடைத்தால் சிகிச்சை நிலையமொன்றுக்கோ அழைத்துச் செல்லுங்கள். முடிந்தால் வாப்பாவும் கூடச் செல்லட்டும். வீடு திரும்பும்போது மகள் களைப்பைப் பற்றிப் பேசுகிறாளா, அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறாளா என்று கவனியுங்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் இஸ்திகாராத் தொழுது, அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டி அனுப்பி வையுங்கள். மூன்றாம் தரம் எழுதுவதில் ஒரு வருடம் செல்லும். கையிலுள்ள இடமும் போய்விடலாம். விருப்பமுள்ள பிள்ளையை விருப்பமற்ற பாதையில் திருப்புவதற்கு அந்த விலை அதிகம்.

ஒவ்வொரு தாய்க்கும்

மகளை இத்துறைக்கு அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், பின்வருவனவற்றை ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருப்பது நல்லது.

ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை; ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வராத குழந்தை; இரண்டு வயதாகியும் ‘உம்மா வா’ என்பதுபோல் இரு சொற்களை இணைக்காத குழந்தை; மூன்று வயதில் பேசுவது வீட்டாருக்கே புரியாத குழந்தை; எந்த வயதிலாயினும் பேசிய சொற்களை இழந்துவிட்ட குழந்தை. இவர்களைத் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். முதலில் செவிப்புலனைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

“வாப்பாவும் நாலு வயசுக்குப் பொறகுதான் பேசினார்” என்று மூத்தம்மா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பிந்திப் பேசிய வாப்பாமார் பலர் உண்டு. காது கேளாமல் பேசாதிருந்த பிள்ளைகளும் உண்டு. இருவரையும் வெளிப்பார்வையால் பிரித்தறிய இயலாது. நாவில் வசம்பு உரைத்துத் தடவுவதும், நாக்குக் கட்டியிருக்கிறது என்று வெட்டச் சொல்வதும், இஸ்ம் எழுதிக் கழுத்தில் கட்டுவதும் பொன்னான வருடங்களை விழுங்கிவிடுகின்றன. நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். துஆவும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல.

தொலைபேசியைக் கையில் கொடுத்து விடுவதால் பிள்ளை பேசப் பழகாது. அது பேசிக்கொண்டே இருக்கும். பிள்ளையின் பதிலுக்காகக் காத்திருக்காது. சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் நீங்கள் பேசுங்கள். பிறகு சற்று நிறுத்தி, பிள்ளை ஏதாவது சொல்லக் காத்திருங்கள். வீட்டுத் தமிழிலேயே பேசுங்கள்.

திக்கிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்ய எவரையும் அனுமதிக்காதீர்கள். நபி மூஸா (அலை) அவர்கள் பிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது தமது நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுமாறும், மக்கள் தமது பேச்சை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றும் அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூனைத் துணையாகவும் கேட்டார்கள். அவ்விறைஞ்சுதல் ஏற்கப்பட்டதை சூரத்து தாஹாவில் காண்கிறோம். தெளிவாகப் பேசத் தெரியாதவர் என்று அந்த நபியை ஏளனம் செய்தவன் யார் என்பதை சூரத்துஸ் ஸுக்ருஃப் கூறுகிறது: பிர்அவ்ன்தான்.

எமது ஊர்களில் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியாமல் எத்தனையோ குழந்தைகளும் முதியவர்களும் இருக்கின்றனர். அவர்களுக்கு ஹாரூன் போல் துணை நிற்க எமது மகள்மாரிலிருந்து சிலர் முன்வருவார்களாயின், அவர்கள் திறந்துவிடும் ஒவ்வொரு நாவிலிருந்தும் வரும் திக்ரிலும் துஆவிலும் அவர்களுக்கும் பங்கிருக்கும், இன்ஷா அல்லாஹ்.

இத்துறையில் கற்கும் அல்லது பணிபுரியும் சகோதரிகள் தமது அனுபவங்களை எமக்கு எழுதுங்கள்; அடுத்த இதழ்களில் பகிர்ந்துகொள்வோம்.